இரண்டாவது சிரிப்பு

1

இந்தக் கதையை எழுதக் கூடாது என்று அம்மா சொன்னாள். "எங்கேயாவது எழுதினேன்னு தெரிஞ்சுது, உன்கிட்டயும் பேசமாட்டேன்" என்றாள். அந்த 'உன்கிட்டயும்' என்ற சொல்லில்தான் இந்தக் கதை பிறந்தது. ஏற்கெனவே ஒருவரிடம் பேசாமல் இருக்கிறாள் என்று அதற்கு அர்த்தம். அந்த ஒருவர் என் அப்பா.

வெறும் மிரட்டல் என்று நினைத்துவிடாதீர்கள். பேசாமல் இருப்பதில் அம்மா கெட்டிக்காரி. மூன்று வருடமாக என் வீட்டு முன்னறையில் இருந்துகொண்டு, தெருவில் போகிற நாய் வரைக்கும் நலம் விசாரிப்பாள், அப்பாவிடம் மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. அதனால் இதைப் படித்துவிட்டு அவளிடம் போய் வத்தி வைக்காதீர்கள். கேட்டால் கற்பனை என்று சொல்லுங்கள். நானும் அதையேதான் சாதிக்கப் போகிறேன்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

அரங்கின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தபோது அவள் மனதிலும் ஏதோ

வேண்டாம். மனதில் விளக்கு அணைகிற கதைகளை நானே படிப்பதில்லை. பிறகு இப்படி:

நகைச்சுவை என்பது மனித வாழ்வின் ஆழ்ந்த

இன்னும் இரண்டு வரி எழுதியிருந்தால் மாலை போட்டு மேடையில் உட்கார வைத்திருப்பார்கள். அதையும் விட்டேன். நேராகவே வருகிறேன். நான் சினிமாவுக்கு வசனம் எழுதுகிறவள். அம்மாவும் அப்பாவும் மேடை நடிகர்கள். ஒரே நாடகத்தில், ஒரே புருஷன் பெண்டாட்டியாக, நான் பிறப்பதற்கு முன்னால் ஆரம்பித்து எனக்குக் கல்யாணமான பிறகும் நடித்துக்கொண்டிருந்தவர்கள்.

2

நாடகத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். உங்கள் ஊரிலும் இதே மாதிரி ஒன்றை வேறு பெயரில் போட்டிருப்பார்கள். மாமியார் வீட்டு ஆட்கள் தங்கிப்போக வந்திருக்கிறார்கள். அவர்கள் பேச்சிலிருந்து தப்பிக்க மாப்பிள்ளை தனக்குக் காது கேட்கவில்லை என்று நடிக்கிறான். மனைவி மறுநாளே கண்டுபிடித்துவிடுகிறாள். ஆனால் காட்டிக்கொள்வதில்லை. இத்தனை நாள் மனதில் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அவனை எதிரில் வைத்துக்கொண்டே ஒவ்வொருவரிடமும் சொல்ல ஆரம்பிக்கிறாள். அவனால் மறுத்துப் பேச முடியாது, பேசினால் குட்டு வெளிப்பட்டுவிடும். கடைசியில் அவள் காலில் விழுகிறான், எல்லோரும் சிரிக்கிறார்கள், திரை விழுகிறது.

நடுவில் டாக்டர் காட்சி. டாக்டரைப் பார்த்தபடி, புருஷனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அம்மா உட்கார்ந்திருப்பாள்.

டாக்டர்: எத்தனை நாளா காது கேக்கலை?

மனைவி: கல்யாணமான நாள்லேருந்து டாக்டர். இவருக்கு இப்பதான் தெரிய வந்திருக்கு.

(தாளில் சுமாராகத்தான் இருக்கும். அம்மா சொல்லிக் கேட்க வேண்டும். புகாரே இல்லாத குரலில், கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்வது போலச் சொல்வாள்.)

அரங்கம் அதிரும். அந்தச் சிரிப்பு பாதி இறங்கும்போது அம்மா மெதுவாகத் திரும்பி, அப்பாவைத் தலை முதல் கால் வரை ஒரு பார்வை பார்ப்பாள். அவ்வளவுதான். மறுபடியும் சிரிப்பு வரும், முதலாவதைவிடப் பெரிதாக. அது அடங்கிய பிறகு அப்பா டாக்டரிடம் கேட்பார்: "என்ன சொல்றா இவ?"

முதல் சிரிப்பு நாடகம் எழுதியவருடையது. இரண்டாவது சிரிப்பு அம்மாவுடையது. அதை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, அவளாகப் பார்த்துச் சம்பாதித்தது.

3

மேடை தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம்.* சிரிப்பு ஏறும், உச்சிக்குப் போகும், பிறகு இறங்கும். பாதி இறங்கும்போது அடுத்த வசனத்தை எடுக்க வேண்டும். முந்தினால் சிரிப்பு செத்துப்போகும், பிந்தினால் நாடகம் செத்துப்போகும். கூட நடிப்பவரின் சிரிப்புக்குள் வாயைத் திறப்பதற்குச் 'சிரிப்பை வெட்டுவது' என்று பெயர். மேடைக்காரர்கள் எதை வேண்டுமானாலும் மன்னிப்பார்கள், இதை மன்னிக்கமாட்டார்கள்.

* தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். போயிருக்கமாட்டீர்கள், நான் என்ன தப்பு விடுகிறேன் என்று பார்க்க நின்றிருப்பீர்கள்.

மூன்று வருடம் முன்பு, புதிதாகக் கட்டிய ஓர் அரங்கில், அம்மா அந்த வசனத்தைச் சொன்னாள். சிரிப்பு ஏறிக்கொண்டே இருந்தது. அம்மா திரும்பக்கூட இல்லை, அதற்குள் அப்பா பாய்ந்து, "என்ன சொல்றா இவ?" என்றார். முதல் சிரிப்பு நடுவிலேயே அறுந்தது. இரண்டாவது வரவே இல்லை.

ஒப்பனை அறையில் அம்மா கேட்டாள். "ஏன் வெட்டினீங்க?" அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். "ம்" என்றார். அம்மா இன்னொரு தடவை கேட்டாள். அதற்கும் "ம்". அன்றைக்குப் பெட்டியைத் தூக்கியவள்தான்.

ஒரு சிரிப்புக்காகவா என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டார்கள். கல்யாணத்தில் கிடைக்காத எல்லாம் அவளுக்கு அந்த ஒரு பார்வையில் கிடைத்துக்கொண்டிருந்தது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன்.

4

அப்பாவை எழுதுவதுதான் கஷ்டம். ஏன் வெட்டினார்? ஒரு வரைவில் அவருக்குப் பொறாமை என்று வைத்தேன். நன்றாகத்தான் வந்தது, விமர்சகர்களுக்குப் பிடித்திருக்கும். ஆனால் எனக்குத் தெரிந்த அப்பா, அம்மாவுக்குக் கைதட்டல் விழும்போது திரைக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறவர். இன்னொரு வரைவில் மறதி. அவருக்கா மறதி? டாக்டர் வேடக்காரருடைய வசனத்தையும் சேர்த்து ஒப்பிப்பார். மூன்றாவது வரைவில் அப்பாவின் கண்களில்

அந்தக் கண்களை நான் முடிக்கவில்லை. தெரியாத ஆளை எழுதலாம், தெரிந்த அப்பாவை எழுதுவதற்குள் தாவு தீர்ந்துவிடுகிறது.

அந்த நேரத்தில்தான் இயக்குநர் வந்தார். என்னைவிடச் சின்னவர், அக்கா என்று கூப்பிடுவார். நாடகத்தின் உரிமையை வாங்கியிருந்தார். இந்தக் காலத்துப் படமாக மாற்ற வேண்டும், வசனம் நான்.

"இந்தக் காலத்துல எவன்க்கா செவிடா நடிப்பான்? காதுல இயர்ஃபோனை மாட்டிக்கிட்டா போதுமே. மாமியார் என்ன கத்தினாலும், மீட்டிங்ல இருக்கேன்னு சைகை காட்டிருவான்."

"அது நடிப்பு இல்லையே தம்பி. எல்லா வீட்லயும் தினமும் நடக்கிறதுதானே."

"அதுதான்க்கா படம்."

கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னது சரி. டாக்டர் வீட்டுக்கு வருவது போய், இவர்கள் கிளினிக்குக்குப் போனார்கள். மாமியாருக்கு ஒரு யூடியூப் சேனல் முளைத்தது. காலில் விழுவதை எடுத்துவிட்டோம். கடைசியில் இயர்ஃபோனில் சார்ஜ் தீர்ந்து மாட்டிக்கொள்கிறான்.

டாக்டர் காட்சியை மட்டும் நான் விடவில்லை. ஹீரோவின் அப்பா, அம்மாவுக்கு அதைக் கொடுத்துவிடலாம், பையன் இந்த வித்தையை அப்பனிடமிருந்துதான் கற்றான் என்று வைக்கலாம் என்றேன். அதற்குப் பழைய ஜோடியையே போடலாம் என்றும் சொன்னேன். இயக்குநர் துள்ளிக் குதித்தார். என் உள்நோக்கம் அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அம்மாவிடம் கேட்டேன்.

"நடிக்கிறேன். ஆனா அவர்கூட பேசமாட்டேன்."

"வசனம் பேசணுமேம்மா."

"வசனம் வேற, பேசுறது வேற. உனக்குத் தெரியாதா, அதை வெச்சுத்தானே சம்பாதிக்கிறே."

அப்பாவிடம் போனேன். கடுதாசி படிக்கிறவர் போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என் வாயையே பார்த்தார். "அம்மாவும் நடிக்கிறாங்கப்பா" என்றேன். "ம்." "அதே சீன்." "ம்." "கோபம் இல்லையே?" "ம், ம்." எவ்வளவு கல்நெஞ்சு என்று நினைத்துக்கொண்டே படி இறங்கினேன்.

5

படப்பிடிப்பு. பழைய பள்ளிக்கூடம் ஒன்றின் அறையைக் கிளினிக்காக மாற்றியிருந்தார்கள். மேஜை, எடை பார்க்கும் கருவி, பச்சை விரிப்புப் போட்ட கட்டில். அம்மா டாக்டருக்கு எதிரில். அப்பா அவளுக்குப் பின்னால் கட்டிலில்.

நேரடி ஒலிப்பதிவு. அதாவது, நடிகர்களின் குரலை அங்கேயே பதிவு செய்வார்கள். சுற்றி நிற்கும் நாற்பது பேரும் மூச்சைக்கூட அளந்துதான் விட வேண்டும். நடிகர்களின் தலைக்கு மேலே நீளக் கம்பியில் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஓர் அண்ணன் நின்றிருந்தார். நல்ல உயரம், எல்லோரும் 'கொடிக்கம்பம்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

முதல் டேக். அம்மா சொன்னாள்: "கல்யாணமான நாள்லேருந்து டாக்டர். இவருக்கு இப்பதான் தெரிய வந்திருக்கு."

லைட்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். மேக்கப் அக்கா முந்தானையைக் கடித்தாள். கொடிக்கம்பத்தின் தோள் குலுங்கி, கம்பி நடுங்கியது. ஒரு சின்னச் சத்தமும் இல்லை. அம்மா திரும்பி அந்தப் பார்வையைப் பார்த்தாள். கம்பி இன்னும் நடுங்கியது. அப்பா காத்திருந்தார். காத்துக்கொண்டே இருந்தார். கம்பி நின்ற பிறகுதான், "என்ன சொல்றா இவ?" என்றார்.

"கட். சார், நடுவுல ரொம்ப கேப் விடுறீங்க."

அப்பா கம்பீரமாகத் தலையசைத்தார். அடுத்த டேக்கிலும் அதே இடைவெளி. மூன்றாவதிலும் அதே. இயக்குநர் அவர் எதிரில் போய் நின்று கேட்டார்.

"சார், டயலாக் மறந்துருதா?"

"மறக்கலை தம்பி. எல்லாரும் சிரிச்சு முடிக்கட்டும்னுதான் நிக்கிறேன்."

"யாரும் சிரிக்கலையே சார். சத்தமே வரலையே."

அப்பாவின் முகம் ஒரு நொடி மாறியது. "சத்தம் வரலையா?" என்றார். உடனே சுதாரித்து, "ஆமா ஆமா, வரலைதான். சும்மா சொன்னேன்" என்று சிரித்தார். பெரிய நடிகர் கிண்டல் செய்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அம்மா மட்டும் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவர் பார்வை போகிற இடத்தைப் பார்த்தாள். மைக் கம்பியைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள்.

(இங்கே உங்களுக்கு ஒரு பழமொழி நாக்கு நுனிக்கு வரும். விழுங்கிவிடுங்கள்.)

6

நான்காவது டேக்கை எழுதியது நான் இல்லை. அது யாருடைய வசனத்திலும் இல்லை.

டாக்டர் கேட்டார்: "எத்தனை நாளா காது கேக்கலை?"

அம்மா, அப்பாவுக்கு முதுகைக் காட்டியபடி, அதே தாளத்தில், அதே புகாரில்லாத குரலில் சொன்னாள்: "மூணு வருஷத்துக்கு முன்னாடியே கேக்கலை டாக்டர். எனக்குத்தான் இப்ப தெரிய வந்திருக்கு."

டாக்டராக நடித்தவர் வாயைப் பிளந்தார். யாரும் வாயைப் பொத்தவில்லை. கம்பி அசையவில்லை.

அப்பா கம்பியைப் பார்த்தார். லைட்காரரைப் பார்த்தார். ஒரு தோள்கூட ஆடவில்லை. நகைச்சுவை விழுந்துவிட்டது, அம்மா இத்தனை பேர் முன்னால் தோற்றுவிட்டாள் என்று அவர் முடிவு செய்ததை நான் கண்ணால் பார்த்தேன். அவர் வாய் திறந்தது, பாய்ந்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். மூடிக்கொண்டார். வராத சிரிப்புக்கு அதன் முழு நீளத்தையும் கொடுத்தார். ஏறவிட்டார், இறங்கவிட்டார். அம்மா திரும்பினாள், மூன்று வருடத்தில் முதல் முறையாக நடிப்பில்லாமல் அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். அதற்கும் காத்திருந்தார். பிறகு டாக்டரிடம் கேட்டார்:

"என்ன சொல்றா இவ?"

எனக்கு அழுகை வந்தது. நேரடி ஒலிப்பதிவு என்பதால் அடக்கிக்கொண்டேன்.

7

வேனில் அம்மா பவுடரைத் துடைத்தபடி சொன்னாள். "அந்தப் புது ஹால்ல மேடைக்கு முன்னாடி பெரிய பெரிய லைட்டுடி. முதல் வரிசைகூட தெரியாது. தோள் ஆடுறதைப் பார்த்துத்தான் இவர் ஓட்டியிருக்கார். அன்னிக்கு ஒண்ணும் தெரியலை. யாரும் சிரிக்கலைன்னு நெனச்சுட்டார். நான் அசிங்கப்பட்டுடக் கூடாதுன்னு பாஞ்சு வந்திருக்கார் மனுஷன்."

"ஒரே வீட்ல இருந்தியேம்மா, உனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

"எதைப் பேசினாலும் 'ம்'. காது கேட்ட காலத்துலயும் 'ம்'தான். எந்த 'ம்'லேருந்து கேக்கலைன்னு நான் எப்படிக் கண்டேன்?"

மேடையில் காது கேட்காதவனாக நடித்தவர், வீட்டில் எதிரில் நிற்பவர்களின் உதட்டைப் பார்த்தே கேட்கிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தார். தெரிந்தால் வேடம் போய்விடும் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. போனை எடுக்காததைக்கூட நாங்கள் திமிர் என்று வைத்திருந்தோம்.

"போய்ப் பேசும்மா."

"பேசாம இருப்பேனா? ஆனா எவ்வளவு நல்ல கோபம்டி அது. அதை வெச்சுக்கிட்டு இன்னும் பத்து வருஷம் ஓட்டியிருப்பேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இதை எங்கேயாவது எழுதினேன்னு தெரிஞ்சுது, உன்கிட்டயும் பேசமாட்டேன்."

8

முடிவுக்கு வந்துவிட்டோம். என்னிடம் சில முடிவுகள் இருக்கின்றன. நாடகத்தின்படி அவர் காலில் விழ வேண்டும். இந்த வயதில் முட்டி ஒத்துழைக்காது. படத்தின்படி சார்ஜ் தீர வேண்டும். அது ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. படத்தின் தயாரிப்பாளர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: காதுக்கருவி வாங்கிக் கொடுக்கிறார்கள், அவர் கேட்கிற முதல் சத்தம் அம்மாவின் குரல், பின்னணியில் வயலின். அந்தத் தாளை அவர் எதிரிலேயே மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன், பிறகு கிழித்தேன்.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். மறுநாள் காலை அம்மாவை அப்பா வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன். வழி முழுக்க முதல் வார்த்தையை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். "ஏங்க" என்றாள், சரியில்லை என்றாள். "சாப்டீங்களா" என்றாள், இளப்பமாகப் போயிடும் என்றாள். "நீ எழுதிக் குடேன்" என்று என்னையே கேட்டாள். எதைச் சொன்னாலும் அவருக்குக் கேட்காது என்பது அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் உறைத்தது.

அழைப்பு மணியை அழுத்தினாள். யாரும் வரவில்லை. கதவைத் தட்டினாள். மெசேஜ் அனுப்பு என்று காரிலிருந்தே சொன்னேன். "மூணு வருஷம் கழிச்சுப் பேசுறதை டைப் அடிச்சா பேசுவேன்?" என்று முறைத்தாள். என் காருக்கு நேராக இருந்த பக்கவாட்டு ஜன்னலுக்குப் போனாள். உள்ளே அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கம்பி வழியாகக் கையை ஆட்டினாள். முதுகுக்கு அதெல்லாம் தெரியுமா?

அப்புறம் கைப்பையைக் குடைந்து மேக்கப் கண்ணாடியை எடுத்தாள். வெயிலுக்குக் காட்டினாள். ஒரு வெளிச்சத் துண்டு ஜன்னல் வழியாகப் பாய்ந்து, அப்பாவின் தலையைத் தாண்டி, அவர் எதிரே இருந்த சுவரில் போய் விழுந்தது.

அம்மாவின் கை நடுங்குகிறது. அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று காரிலிருந்து எனக்குத் தெரியவில்லை. சுவரில் வெளிச்சம் குலுங்குகிறது. அப்பா பேப்பரைத் தாழ்த்திவிட்டார். பார்த்துவிட்டார். ஆனால் திரும்பவில்லை. குலுங்குகிற எதுவும் அவருக்குச் சிரிப்புதான். அது அடங்கும் வரை அசையமாட்டார், அவருக்குத் தெரிந்த மரியாதை அது. அவர் திரும்பாததால் அம்மாவின் கை நிற்கமாட்டேன் என்கிறது. அது நிற்காததால் அவர் திரும்பமாட்டேன் என்கிறார்.

நான் காரை விட்டு இறங்கினால் அம்மாவுக்கு ரோஷம் வந்துவிடும், கண்ணாடியை மூடிப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிடுவாள். அதனால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள்தான் ஜன்னலுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள், அவள் உங்களைப் பார்க்கவும் முடியாது. அவள் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்தீர்கள் என்றால் வெளிச்சம் நிற்கும், அவர் திரும்புவார்.

எப்போது பிடிப்பது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். கொஞ்சம் முந்தினாலும் வெட்டினதாகிவிடும்.